பிளாஸ்மா கொடுக்கப் போகும் சகோதரர்களுக்கு!

(இளைஞர்களுக்கும் வணிகர்களுக்குமான இரத்த தான விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே! கடையை நேரத்தோடு அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! என் அன்பு இளைஞர்களே!

இரத்த தானம் செய்யுங்கள் என்று உங்களிடம் சொல்ல நான் வரவில்லை. அதை நீங்கள் எனக்குச் சொல்லித் தருவீர்கள். நள்ளிரவில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால், யார், எவர், என்ன மதம், என்ன சாதி என்று ஒரு வார்த்தை கேட்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிற இளைஞர்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் அந்தப் போன்களில் இப்போது புதிதாக ஒரு வார்த்தை வருகிறது. "இரத்தம் இல்லை தம்பி, பிளாஸ்மா வேண்டும்" என்கிறார்கள். "மெஷினில் உட்கார வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும்" என்கிறார்கள். அந்த இடத்தில்தான் நம் தம்பிகள் தயங்குகிறார்கள். மெஷின் என்றால் என்ன? இரத்தத்தை வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே விடுவார்களாமே? நோய் வந்துவிடாதா? மறுநாள் கடைக்குப் போக முடியுமா? கல்யாணம் ஆகாத பையன், ஏதாவது ஆகிவிட்டால்?

பதில் தெரியாததால் வரும் தயக்கம்தான் இது. கோழைத்தனம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் இன்று நிற்கிறேன்.

பிளாஸ்மா என்றால் என்ன?

நம் உடம்பில் ஓடுவது ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தம். அதை ஒரு குழாயில் எடுத்து அசையாமல் வைத்தால் கனமானது கீழே போகும், லேசானது மேலே நிற்கும். கீழே போவது சிவப்பணுக்கள். நடுவில் மெல்லிய வெள்ளைப் படலமாக வெள்ளையணுக்களும் தட்டணுக்களும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவாக நிற்கும் திரவம்தான் பிளாஸ்மா. இரத்தத்தில் பாதிக்கு மேல், சுமார் 55 சதவீதம் இதுதான்.

அந்த மஞ்சள் திரவத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதியில்தான் விஷயம் இருக்கிறது. இரத்தம் உறைவதற்கான புரதங்கள், கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பணுப் புரதங்கள், ஆல்புமின், உப்புக்கள் எல்லாம் அதில் கரைந்திருக்கின்றன.

இது யாருக்குத் தேவை? கல்லீரல் கெட்டு, இரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருக்கும் நோயாளிக்குத் தேவை. பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காத தாய்க்குத் தேவை. விபத்தில் ஏராளமாக இரத்தம் இழந்தவருக்குச் சிவப்பணுவோடு சேர்த்து இதுவும் தேவை. ஹீமோஃபீலியா என்ற நோயோடு பிறக்கும் ஆண் குழந்தைகள் இருக்கிறார்கள். சின்ன அடி பட்டாலே மூட்டுக்குள் இரத்தம் கட்டிக்கொள்ளும், நிற்காது. அவர்களுக்குக் கொடுக்கும் உறைவுப் புரத மருந்தைப் பிளாஸ்மாவிலிருந்தே நெடுங்காலமாக எடுத்து வருகிறார்கள். திடீரென்று கை கால் விழுந்துபோகும் கில்லன் பாரே நோய்க்குக் கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் பிளாஸ்மாதான். ஆழமான வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசியோடு சேர்த்துக் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்திலும் மனிதப் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் வகை உண்டு.

இரண்டு வழிகள் உண்டு

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் 350 மில்லி இரத்தத்திலேயே பிளாஸ்மாவும் போகிறது. இரத்த மையத்தில் அந்தப் பையைச் சுழற்றிச் சிவப்பணுக்களைத் தனியாகவும் பிளாஸ்மாவைத் தனியாகவும் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு பை இரத்தம் இரண்டு மூன்று நோயாளிகளுக்குப் போவது இப்படித்தான். பிரித்த பிளாஸ்மாவைச் சில மணி நேரத்துக்குள் உறைய வைத்து, மைனஸ் 30 டிகிரி குளிரில் ஓராண்டு வரை பாதுகாக்கிறார்கள். தேவைப்படும்போது உருக்கி ஏற்றுகிறார்கள். நம் நாட்டில் நோயாளிகளுக்குப் போகும் பிளாஸ்மாவில் பெரும்பகுதி இந்த வழியில் வருவதுதான். ஆகவே வழக்கம்போல் இரத்தம் கொடுத்து வருகிறவர்கள், நாம் பிளாஸ்மா கொடுத்ததில்லையே என்று நினைக்க வேண்டாம். கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

இரண்டாவது வழி இயந்திரம். உங்கள் கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, அங்கேயே பிளாஸ்மாவை மட்டும் பிரித்துக்கொண்டு, சிவப்பணுக்களை உங்களுக்கே திருப்பித் தந்துவிடும். இதற்கு அஃபெரிசிஸ் என்று பெயர். டெங்குக் காய்ச்சல் பரவும் மழைக்காலத்தில் தட்டணு கேட்டுப் போன் வருகிறதே, அதையும் இதே வகை இயந்திரத்தில்தான் எடுக்கிறார்கள். ஆகவே நான் சொல்லப்போவது பிளாஸ்மாவுக்கும் பொருந்தும், பெரும்பாலும் தட்டணுவுக்கும் பொருந்தும்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்

முதலில், யார் கொடுக்கலாம்? வயது 18 நிறைந்திருக்க வேண்டும். சாதாரண இரத்த தானத்துக்கு 45 கிலோ எடை போதும். இயந்திரத்தில் கொடுக்க 50 கிலோ வேண்டும். ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையக் கூடாது. காய்ச்சல், சளி, இருமல் இருந்தால் போகாதீர்கள். பச்சை குத்தியிருந்தால் ஓராண்டு கழிய வேண்டும். மாத்திரை எது சாப்பிட்டாலும் அங்கே சொல்லிவிடுங்கள்.

முந்தின நாள் இரவு நன்றாகத் தூங்குங்கள். இரவு முழுக்க மண்டியில் லோடு இறக்கிவிட்டு, விடிந்ததும் தூக்கக் கலக்கத்தோடு போய்க் கை நீட்டாதீர்கள். இரவுப் பணி முடித்துத் தூங்காதவரிடம் எடுக்கக் கூடாது என்று தேசிய இரத்த மாற்றுக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு விதிமுறையே சொல்கிறது. தொலைதூர வண்டி ஓட்டும் சகோதரர்களுக்கும் தனியாக விதி இருக்கிறது. கொடுத்த பிறகு 24 மணி நேரம் கழித்துத்தான் அடுத்த ஓட்டத்துக்கு ஏற வேண்டும்.

அடுத்து சாப்பாடு. வெறும் வயிற்றில் போகவே கூடாது. அதற்காக, "நல்லா சாப்பிட்டுட்டுப் போ" என்று வீட்டில் சொன்னார்கள் என்பதற்காக மட்டன் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டும் போகக் கூடாது! ஏன் தெரியுமா? நெய்யும் கொழுப்பும் நிறைந்த சாப்பாடு சாப்பிட்ட சில மணி நேரத்துக்கு அந்தக் கொழுப்பு பிளாஸ்மாவில் மிதக்கும். தெளிவாக வர வேண்டிய பிளாஸ்மா பால் போலக் கலங்கி வரும். அதை நோயாளிக்குக் கொடுக்காமல் ஒதுக்க வேண்டி வரலாம். நீங்கள் பட்ட சிரமமும் ஓர் உயர்ந்த கருவித் தொகுதியும் வீணாகும். இட்லி, சப்பாத்தி, சோறு, பருப்பு, பழம் போதும். பிரியாணியைக் கொடுத்துவிட்டு வந்து சாப்பிடுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

தண்ணீர் நிறையக் குடியுங்கள். கல்லாவில் உட்கார்ந்தால் காலையிலிருந்து மதியம் வரை இரண்டு டீயோடு ஓட்டுகிற வியாபாரிகளைச் சொல்கிறேன். முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடியுங்கள். பிளாஸ்மா என்பதே பெரும்பகுதி தண்ணீர்தான் என்று சொன்னேன் அல்லவா? உடம்பில் நீர் குறைவாக இருந்தால் நரம்பு கிடைக்காது, தலை சுற்றும்.

நோன்புக் காலத்தில் என்ன செய்வது?

இது நம்மிடம் மட்டுமே எழும் கேள்வி. ரமலானில் போன் வந்தால் போகலாமா? இரத்தம் கொடுத்தால் நோன்பு முறியுமா என்பது ஆலிம்களிடம் கேட்க வேண்டிய மஸ்அலா. அதில் நான் நுழையவில்லை. மருத்துவ விதியைச் சொல்கிறேன். நோன்போடு இருப்பவர் இரத்தம் கொடுக்கக் கூடாது என்று அதே 2017 விதிமுறை சொல்கிறது. ஸஹர் முடிந்து பத்து மணி நேரம் தண்ணீர் கூட இறங்காத உடம்பில் அரை லிட்டர் திரவத்தை எடுத்தால் மயக்கம் வருவது இயற்கை. "நான் தாங்குவேன்" என்று வீம்பு செய்வதோ, நோன்பை மறைத்துவிட்டுப் போய்ப் படுப்பதோ வேண்டாம்.

அப்படியானால் அந்த ஒரு மாதம் நோயாளிகள் என்ன செய்வார்கள்? இதற்கு ஏற்பாடு வேண்டும். இஃப்தார் முடிந்து, கஞ்சியும் சாப்பாடும் தண்ணீரும் உள்ளே போய், ஓரிரு மணி நேரம் கழித்துப் போகலாம். இரவில் எந்த இரத்த மையம் எடுக்கும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரமலானுக்கு முந்தின வாரங்களிலேயே முகாம் நடத்தி இருப்பைக் கூட்டி வைக்கலாம். அந்த மாதத்தில் பகல் அழைப்புகளுக்குப் போக, நம்மோடு பழகும் பிற சமயத்து நண்பர்களின் பெயர்களையும் பட்டியலில் சேர்த்து வையுங்கள். அவர்களுடைய பண்டிகை, விரத நாட்களில் நாம் போவோம்.

உள்ளே என்ன நடக்கும்?

இரத்த வங்கி என்று நாம் சொல்லிப் பழகிய இடத்துக்குச் சட்டத்தில் இப்போது இரத்த மையம் என்று பெயர். போனவுடன் ஒரு படிவம் தருவார்கள். அதில் சில கேள்விகள் கூச்சமாக இருக்கும். மஞ்சள் காமாலை வந்ததா, ஊசி மூலம் போதை எடுத்ததுண்டா, தவறான தொடர்பு உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். "எங்களைப் பார்த்தா இந்தக் கேள்வி?" என்று கோபப்படாதீர்கள். உங்களைச் சந்தேகித்துக் கேட்பதில்லை. வருகிற எல்லோரிடமும் கேட்கிறார்கள். மருத்துவரிடம் தனியாக இருக்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். சொல்ல விருப்பமில்லாத காரணம் ஏதாவது இருந்தால், கொடுக்காமல் திரும்பி வந்துவிடுவதே நல்லது. கூட வந்த நண்பர்களுக்காக வெட்கப்பட்டுக்கொண்டு கை நீட்டுவது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

பிறகு விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். எடை, இரத்த அழுத்தம், நாடி பார்ப்பார்கள். முழங்கையின் உட்புறத்தில் நரம்பு எப்படி இருக்கிறது என்று தடவிப் பார்ப்பார்கள். இயந்திரத் தானத்துக்கு இது முக்கியம். நரம்பு மெலிதாக இருந்தால், "உங்களுக்குச் சாதாரண இரத்த தானமே சரி" என்று சொல்லிவிடுவார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி வகைகள், பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் இரத்தத்தைப் பரிசோதிப்பார்கள். இயந்திரத் தானத்தில் பெரும்பாலும் இதை முன்பே செய்து, முடிவு வந்த பிறகுதான் படுக்க வைப்பார்கள். ஆகவே போனவுடன் வேலை முடியாது. இரண்டு மூன்று மணி நேரத்தை ஒதுக்கிக்கொண்டு போங்கள். கடைச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்!

இனி இயந்திரம். சாய்வு இருக்கையில் அமர்த்துவார்கள். உங்கள் கண் முன்னால் உறை பிரித்து, புதிய குழாய்த் தொகுதி ஒன்றை இயந்திரத்தில் மாட்டுவார்கள். மேல் கையில் பட்டை சுற்றி, தோலைச் சுத்தம் செய்து ஊசி போடுவார்கள். ஊசி சற்றுப் பெரிதுதான். ஒரு நிமிடம் சுருக்கென்று இருக்கும். பிறகு பழகிவிடும். பட்டை இறுகும்போது கையில் தரும் பந்தை அமுக்கி அமுக்கி விட வேண்டும். அப்போது இரத்தம் வெளியே போகிறது. பட்டை தளரும்போது கையைச் சும்மா வைக்க வேண்டும். அப்போது சிவப்பணுக்கள் திரும்பி வருகின்றன. இப்படி மாறி மாறிச் சில சுற்றுகள் நடக்கும். மொத்தம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். பக்கத்தில் தொங்கும் பையில் மஞ்சளாகத் திரவம் சேர்வதை நீங்களே பார்க்கலாம். ஒரு முறைக்கு அரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை.

திரும்பி வரும் இரத்தம் அறைக் குளிரில் இருந்து வருவதால் கை சில்லென்று இருக்கும். இன்னொன்று, இதை அவசியம் நினைவில் வையுங்கள். குழாய்க்குள் இரத்தம் உறையாமல் இருக்க சிட்ரேட் என்ற மருந்தைச் சேர்க்கிறார்கள். அதில் கொஞ்சம் உங்கள் உடம்புக்குள் வரும். வந்து, இரத்தத்தில் இருக்கும் கால்சியத்தைச் சற்று நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற உணர்வு வரலாம். எனக்கும் வந்தது. பக்கத்திலிருந்த செவிலியச் சகோதரியிடம் சொன்னேன். இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தார், சப்புவதற்குக் கால்சியம் மாத்திரை தந்தார். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. இதைச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதில்தான் ஆபத்து. சொல்லாமல் விட்டால் மரமரப்பு கூடித் தசை இழுக்கும். ஆண் பிள்ளை, இதற்கெல்லாம் சொல்வதா என்று நினைக்காதீர்கள். உதடு மரத்தால் சொல்லுங்கள், தலை சுற்றினால் சொல்லுங்கள், ஊசி போட்ட இடம் வீங்கினால் சொல்லுங்கள். நிறுத்தச் சொல்வதற்கும் உங்களுக்கு எந்த நேரமும் உரிமை உண்டு.

முடிந்த பிறகு

ஊசியை எடுத்தபின் பஞ்சை வைத்து நன்றாக அழுத்திப் பிடியுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்து, தரும் ஜூஸையும் பிஸ்கட்டையும் சாப்பிடுங்கள். "பரவாயில்லை, கடையில் ஆள் இல்லை" என்று உடனே எழுந்து ஓடாதீர்கள். மயக்கம் வருகிறவர்களில் பலர் எழுந்து நடந்த பிறகே மயங்குகிறார்கள். உடனே பைக் ஓட்டாதீர்கள், ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். அன்று முழுவதும் அந்தக் கையால் மூட்டை தூக்காதீர்கள், ஷட்டரை இழுக்காதீர்கள். ஒட்டிய பிளாஸ்திரியைச் சில மணி நேரம் கழித்து எடுங்கள். ஊசி போட்ட இடம் நீலமாகக் கன்றிப்போனால் ஐஸ் ஒத்தடம் கொடுங்கள், சில நாளில் மறைந்துவிடும். கை வீங்கினாலோ வலி கூடினாலோ மையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

போன பிளாஸ்மா எப்போது திரும்பும்? ஓரிரு நாளில் உடம்பு ஈடு செய்துவிடும். சிவப்பணுக்கள் உங்களிடமே வந்துவிட்டதால் சாதாரண இரத்த தானத்தை விட இதில் சோர்வு குறைவு. முழு இரத்தம் கொடுத்தால் ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் காத்திருக்க வேண்டும். பிளாஸ்மாவுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் அடுத்து எப்போது கொடுக்கலாம் என்பதை மையத்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆண்மை குறையும், குழந்தை பிறக்காது, உடம்பு ஊதும் என்றெல்லாம் டீக்கடையில் பேசுவதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

நம் சகோதரிகள் கொடுக்கலாமா? கொடுக்கலாம். ஆனால் கர்ப்பமுற்ற பெண்களின் பிளாஸ்மாவில் சில எதிர்ப்புப் புரதங்கள் உருவாகியிருக்கலாம். அவை நோயாளியின் நுரையீரலைப் பாதிக்கக்கூடும். அதனால்தான் நோயாளிக்கு நேரடியாக ஏற்றும் பிளாஸ்மாவைப் பெரும்பாலும் ஆண்களிடம் எடுக்கிறார்கள். இதில் ஆண்களுக்குப் பொறுப்பு கூடுதல்.

நோய் தொற்றாதா?

சகோதரர்களே! இந்தப் பயம் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. உண்மையிலேயே நடந்த ஒரு கொடுமை இருக்கிறது. 1990களின் முற்பகுதியில் சீனாவின் ஹெனான் மாநிலத்தில் ஏழை விவசாயிகளிடம் காசு கொடுத்துப் பிளாஸ்மா வாங்கினார்கள். ஒரே வகை இரத்தம் உள்ள பலருடைய இரத்தத்தை ஒன்றாகக் கலந்து சுழற்றினார்கள். பிளாஸ்மாவை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய சிவப்பணுக் கலவையைப் பங்கு போட்டு எல்லோருக்கும் திருப்பி ஏற்றினார்கள். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தால் போதும், எல்லோருக்கும் போயிற்று. பல்லாயிரம் பேர் எய்ட்ஸுக்கு ஆளானார்கள். கிராமம் கிராமமாக அனாதைக் குழந்தைகள். அதை வெளியே கொண்டுவந்த காவ் யாவ்ஜி என்ற மூதாட்டி மருத்துவரை அரசு வீட்டுக் காவலில் வைத்தது. அவர் நாட்டை விட்டு வெளியேறி, 2023 டிசம்பரில் தம் 95ஆம் வயதில் நியூயார்க்கில் இறந்தார்.

அங்கே நோய் எப்படிப் பரவியது என்று பாருங்கள். பிறருடைய இரத்தம் கலந்தது, அதனால் பரவியது. இன்று உங்களுக்கு மாட்டும் குழாய், கிண்ணம், ஊசி எல்லாம் ஒரே ஒருவருக்கானவை. முடிந்ததும் அழித்துவிடுவார்கள். உங்கள் இரத்தம் அந்தக் குழாயை விட்டு வெளியே வந்து இயந்திரத்தைத் தொடுவதே இல்லை. உங்களுக்குத் திரும்பி வருவது உங்கள் சிவப்பணுதான். உறை பிரிக்கும்போது பாருங்கள், சந்தேகம் இருந்தால் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

காசு நுழைந்தால் கேடு

ஹெனான் கதையில் இன்னொரு பாடம் உண்டு. அங்கே எல்லாவற்றையும் கெடுத்தது காசு. காசுக்காகக் கொடுப்பவன் தன் நோயை மறைப்பான். காசுக்காக வாங்குபவன் சோதனையைக் குறைப்பான். நம் நாட்டிலும் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இரத்தம் விற்பவர்கள் நின்றார்கள். காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஜனவரி 4 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி 1998 ஜனவரி 1 முதல் இரத்தம் விற்பது தடை செய்யப்பட்டது. அமெரிக்காவில் பிளாஸ்மாவுக்குப் பணம் கொடுக்கிறார்கள், அது அந்நாட்டுச் சட்டம். இங்கே பணம் வாங்கக் கூடாது.

ஆகவே இளைஞர்களே! "தம்பி, வந்து கொடு, ரெண்டாயிரம் வாங்கித் தர்றேன்" என்று ஒரு புரோக்கர் சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். நோயாளியின் உறவினர்கள் நன்றியோடு பாக்கெட்டில் பணத்தைத் திணித்தாலும் அன்போடு திருப்பிக் கொடுங்கள். இரத்த மையம் நோயாளியிடம் வாங்க வேண்டியது சோதனைக்கும் பிரித்துப் பாதுகாப்பதற்குமான கட்டணம் மட்டுமே. இரத்தத்துக்கு விலை என்று ஒன்று கிடையாது.

2020இல் நடந்தது

பிளாஸ்மா என்ற வார்த்தை நம் வீடுகளுக்குள் வந்தது கொரோனாக் காலத்தில்தான். 2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீன் மர்க்கஸில் கூடிய தப்லீக் ஜமாஅத்தினரைக் காட்டி, நோயைப் பரப்பியதே இவர்கள்தான் என்று தொலைக்காட்சிகளில் இரவு பகலாகக் கூச்சலிட்டார்கள். காய்கறி வண்டிக்காரனிடம் பெயர் கேட்டு விரட்டிய நாட்கள் அவை. அடுத்த மாதம், ஏப்ரலில் என்ன நடந்தது? நோயிலிருந்து மீண்ட அதே தப்லீக் சகோதரர்கள், நோயில் கிடப்பவர்களுக்கு எங்கள் பிளாஸ்மாவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வரிசையில் நின்றார்கள். அந்தப் பிளாஸ்மா யாருக்குப் போகும் என்று அவர்கள் கேட்கவில்லை. அந்த ஜூலையில் டெல்லியிலும், பிறகு சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலும் பிளாஸ்மா வங்கி திறக்கப்பட்டது. அதே நாட்களில், பிளாஸ்மா வாங்கித் தருவதாகச் சொல்லி நோயாளிகளின் வீட்டாரிடம் பணம் பறித்தவர்களும் இருந்தார்கள்.

அந்தச் சிகிச்சை பலன் தந்ததா? உண்மையைச் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து ஆராய்ந்தது. அந்த அக்டோபரில் முடிவு வெளிவந்தது. பிளாஸ்மா ஏற்றியதால் இறப்பு குறையவில்லை, நோய் முற்றுவதும் குறையவில்லை. 2021 மே மாதம் கொரோனா சிகிச்சை முறையிலிருந்து அது நீக்கப்பட்டது.

"அப்படியானால் கொடுத்ததெல்லாம் வீணா?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். இல்லை. கொடுத்தவர்கள் இருந்ததால்தான் சோதித்துப் பார்க்க முடிந்தது. சோதித்ததால்தான், பலனில்லாத மருந்துக்காக ஏழைகள் கடன் வாங்கி அலைவது நின்றது. கல்லீரல் நோயாளிக்கும் ஹீமோஃபீலியாக் குழந்தைக்கும் பிளாஸ்மா தரும் பலனில் இதனால் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆகவே இனி யாராவது கொரோனாவுக்குப் பிளாஸ்மா கேட்டால் மருத்துவரிடம் விவரம் கேளுங்கள். மற்ற அழைப்புகளுக்குத் தயங்காதீர்கள்.

ஊசியைப் பார்க்காத மனிதர்

ஊசி என்றாலே பயம் என்கிற தம்பிகளுக்கு ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன். 14 வயதில் நெஞ்சில் பெரிய அறுவை சிகிச்சை. யார் யாரோ கொடுத்த இரத்தத்தில் பிழைத்தார். 18 வயதானதும், 1954இல், தானும் கொடுக்கத் தொடங்கினார். அவருடைய பிளாஸ்மாவில் ஓர் அரிய எதிர்ப்புப் புரதம் இருப்பது தெரிய வந்தது. தாய் நெகட்டிவ் வகையாகவும் வயிற்றுக் குழந்தை பாசிட்டிவ் வகையாகவும் இருந்தால், தாயின் உடம்பு குழந்தையின் இரத்தத்தைத் தாக்கும் அபாயம் உண்டு. அதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி மருந்தை அவருடைய பிளாஸ்மாவிலிருந்து எடுத்தார்கள். நம் வீடுகளில் நெகட்டிவ் வகைப் பெண்களுக்கு எழுதித் தருகிறார்களே, அந்த ஊசிதான். ஆய்வுக்கூடத்தில் தயாராகும் வகையும் இப்போது உண்டு.

ஹாரிசன் 2018இல் 81 வயதில் நிறுத்தும் வரை 1,173 முறை கொடுத்தார். 24 லட்சம் குழந்தைகளுக்கு அது உதவியது என்று அந்நாட்டு இரத்த தான அமைப்பு கணக்கிடுகிறது. 2025 பிப்ரவரியில் இறந்தார். இத்தனைக்கும் அவருக்கு ஊசி என்றால் பிடிக்காது. ஊசி இறங்குவதை அவர் பார்த்ததே இல்லையாம். கூரையைப் பார்ப்பார், செவிலியரிடம் பேசிக்கொண்டிருப்பார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

நாளைக்கே செய்ய வேண்டியவை

மஹல்லா தோறும் ஒரு பட்டியல் எடுங்கள். பெயர், இரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி, இயந்திரத்தில் கொடுத்த அனுபவம் உண்டா என்று எழுதுங்கள். பிளாஸ்மாவில் கணக்கு தலைகீழ் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சிவப்பணுவில் ஓ நெகட்டிவ் எல்லோருக்கும் போகும். பிளாஸ்மாவிலோ ஏபி வகைதான் எல்லோருக்கும் போகும். "என் இரத்தம் ஏபி, யாரும் கேட்பதே இல்லை" என்று சொல்லும் சகோதரர்களே! உங்களைத்தான் தேடுகிறார்கள்.

அந்தப் பட்டியல் பொறுப்பான இருவர் கையில் இருக்கட்டும். தம்பிகளின் போன் எண்களைக் கண்ட இடத்திலும் போட்டு, புரோக்கர்கள் கையில் கிடைக்கும்படி செய்யாதீர்கள். அழைப்பு வந்தால் மருத்துவமனையின் தேவைச் சீட்டை அனுப்பச் சொல்லுங்கள். நோயாளி பெயர், வார்டு, என்ன வேண்டும் என்பதை இரத்த மையத்துக்கே போன் செய்து உறுதி செய்த பிறகு ஆளை அனுப்புங்கள். எந்த மையத்தில் என்ன இருப்பு இருக்கிறது என்பதை அரசின் இ-ரக்த்கோஷ் சேவையிலும் பார்த்துக்கொள்ளலாம். இருப்பு இருக்கும்போது ஆளை அலைக்கழிக்க வேண்டாமே.

வணிகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கடையில் வேலை செய்யும் பையன் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னால் அரை நாள் விடுங்கள், அந்த அரை நாள் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். திரும்பி வந்ததும் அவனை மாடிக்கு ஏறிச் சரக்கு இறக்கச் சொல்லாதீர்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தானம் செய்பவன் அவன்தான். ஆனால் அவன் நிம்மதியாகப் போய்வர வழி செய்தால் உங்களுக்கும் அதில் பங்குண்டு, இன்ஷா அல்லாஹ்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் மேசை போட்டிருக்கிறார்கள். இரத்த வகை தெரியாதவர்கள் பார்த்துக்கொள்ளலாம், தெரிந்தவர்கள் பட்டியலில் பெயர் எழுதலாம். ஏபி வகையினர் மறக்காமல் எழுதுங்கள்.